இருபது வளைவுகளும் எட்டி மெர்க்ஸும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த 20 கொண்டை ஊசி வளைவுகள் மறக்காது. பிரான்ஸில் ஆல்ப் துவெஸ் என்றொரு மலைப்பாதை உண்டு. அங்கே 21 வளைவுகள்! பல நாள் நடக்கும் டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் அந்த மலையில் ஏறும் நாளில் சாலையோரமெல்லாம் திருவிழாக் கூட்டம்தான்.

ஏற்காட்டு மலைப்பாதையில் நீங்களே சைக்கிள் மிதிப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் எடை 40 கிலோ, சைக்கிள் 15 கிலோ. ஏறவேண்டிய உயரம் சுமார் 1,000 மீட்டர். எடையையும் புவியீர்ப்பையும் உயரத்தையும் பெருக்கினால் ஏறக்குறைய 5,40,000 ஜூல் வேலை. நாம் செலவழிக்கும் உணவுச் சக்தியில் கால்பங்குதான் பெடலுக்குப் போகும். மீதி வெப்பமாகிவிடும். சட்டை நனைவது அதனால்தான். அப்படியானால் சுமார் 500 கிலோ கலோரி வேண்டும். வளைவுகள் இந்தக் கணக்கைக் குறைப்பதில்லை. பாதையை நீளமாக்கி, ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கின்றன, அவ்வளவுதான்.

சமதரையில் கதையே வேறு. அங்கே எதிரி காற்று. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும்! அதனால் சமதரைக்குப் பலசாலி வேண்டும். மலைக்கு ஒல்லியான பலசாலி வேண்டும். பந்தய வீரர்கள் "கிலோவுக்கு எத்தனை வாட்?" என்றுதான் கேட்பார்கள். உச்சத்தில் இருப்பவர்கள் அரை மணி நேரம் கிலோவுக்குச் சுமார் 6 வாட் தருவார்கள். 65 கிலோ வீரர் என்றால் 390 வாட். ஐந்து மின்விசிறிகளைச் சுழற்றலாம்!

சரி, இவர்களில் யார் பெரியவர்? டூரில் ஒருநாள் வெற்றிகள் அதிகம் பெற்றவர் மார்க் கேவண்டிஷ், மொத்தம் 35. ஆனால் அவை சமதரையில் கடைசி நேரப் பாய்ச்சலில் வந்தவை. 2018இல் ஒரு மலைநாளில் நேர வரம்புக்குள் வந்துசேராமல் பந்தயத்திலிருந்தே வெளியேறினார். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் 7 பட்டங்கள் ஊக்கமருந்துக்காக 2012இல் பறிக்கப்பட்டன, அவர் பெயரை அடித்துவிடுங்கள். மிகேல் இந்துராய்ன் ஓர் ஆச்சரியம். சுமார் 80 கிலோ உடம்போடு 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றார். தனியாக ஓட்டும் நேரப் பந்தயங்களில் சேர்த்த நிமிடங்களை மலையில் இழக்காமல் காப்பாற்றிக்கொண்டார்.

என் பட்டியலில் முதலிடம் பெல்ஜியத்தின் எட்டி மெர்க்ஸுக்கே. 1969 டூரில் மொத்த வெற்றி, பெரும்பாலும் சமதரைப் பாய்ச்சல்காரர்களுக்குப் போகும் புள்ளிப் பட்டம், மலையேற்றப் பட்டம் மூன்றையும் ஒரே ஆளாக வாரிக்கொண்டார். வேறு யாருக்கும் அது வாய்க்கவில்லை. காற்று, எடை என்ற இரண்டு எதிரிகளையும் ஒரே ஆண்டில் வென்றவர் அவர்!

இரண்டாமிடம் ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சருக்கு. 2020, 2021, 2024, 2025 என நான்கு டூர்கள் ஆகிவிட்டன. 1998இல் பிறந்தவர், இந்தப் பட்டியலைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.