வாழ்ந்தாரா, வாழ்கின்றாரா?

“ஐயா, தமிழ்ப் பண்டிதருக்கு ஆங்கில இலக்கணம் எதற்கு?” என்று மாணவர் சிலர் என்னை வினவுவதுண்டு. அவ்விலக்கணத்தின் சிறு விதியொன்றை எனக்குக் கற்பித்தது புத்தகமன்று. ஒரு மூதாட்டியின் கண்ணீர். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படுமென்று கருதி, அதனை ஈண்டு எழுதுகின்றேன்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தமை வாசகர் அறிந்ததே. எங்கள் அயலிலிருந்த ஆச்சி ஒருவர் சில மாதங்களின் பின் ஊருக்கு மீண்டார். அவருடைய ஒரே தம்பியாரோ வன்னிக்குச் சென்றார். பின்னர் அவரைப் பற்றிய செய்தியே இல்லை. 1997ஆம் ஆண்டில் ஒருநாள், பிரிந்த உறவினரைத் தேடியறிந்து சொல்லும் நிறுவனமொன்றிலிருந்து ஆச்சிக்கு ஆங்கிலத்திலே ஒரு கடிதம் வந்தது. அதனை அவர் என்னிடம் கொண்டுவந்தார். அப்பொழுது யான் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிது. ஆங்கிலம் அரைகுறையாகவே அறிவேன். ஆயினும், ‘அறியேன்’ என்று சொல்லும் அடக்கம் அவ்வயதில் என்னிடம் இருக்கவில்லை.

‘தே செட் தட் ஹி லிவ்ட் அலோன்’ என்பது அக்கடிதத்தின் நடுவே இருந்த ஒரு வாக்கியம். ‘லிவ்’ என்பதன் இறந்தகாலம் ‘லிவ்ட்’ என்று பள்ளியிலே மனனஞ் செய்தவன் யான். ஆகவே, “அவர் தனிய வாழ்ந்தவர் எண்டு அயலட்டையார் சொன்னவையாம்” என்று ஆச்சிக்குச் சொன்னேன்.

ஆச்சியின் முகம் மாறியது. “தம்பி, வடிவாப் பாரும். வாழ்ந்தவர் எண்டோ கிடக்கு?”

“ஓம் ஆச்சி, அப்பிடித்தான் கிடக்கு.”

“அப்ப இப்ப இல்லையோ?”

அதற்கு யான் விடை சொல்லவில்லை. ஆச்சி திண்ணையிலே சாய்ந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார். அயற்பெண்கள் கூடினர். மாலையில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் அழுகுரல் கேட்டு வந்து கடிதத்தை வாங்கி ஈறுவரை வாசித்தார். “ஆச்சி, அழாதையுங்கோ. உங்கடை தம்பியார் உயிரோடைதான் இருக்கிறார். அவருக்குச் செய்தி அனுப்புறதெண்டால் எழுதித் தரச்சொல்லிக் கடைசியிலை கேட்டிருக்கினம்” என்றார். அக்கடைசி வரிகளை யான் வாசிக்கவேயில்லை. ஓர் இறந்தகால வினையை நம்பி, உயிரோடிருந்தவருக்கு ஒரு பகற்பொழுது முழுதும் இழவு கொண்டாட வைத்துவிட்டேன்.

அன்றிரவு அவ்வாசிரியர் வீட்டுக்குச் சென்று என் பிழை யாதென்று கேட்டறிந்தேன். அவர் சொன்னதும், பின்னர் யான் நூல்களிற் கற்றதும் இவை.

ஆங்கிலத்திலே பிரதான வாக்கியத்தின் வினை இறந்தகாலமாயின், அதனைச் சார்ந்து நிற்கும் வாக்கியத்தின் வினையும் பெரும்பாலும் இறந்தகால வடிவம் பெறும். ‘நான் நோயாளி’ என்று ஒருவன் சொன்னதை மற்றொருவன் எடுத்துரைக்கும்போது, ‘ஹி செட் ஹி வாஸ் இல்’ என்பான். சொன்னவன் வாயில் நிகழ்காலமாய் இருந்தது, எடுத்துரைப்பவன் வாயில் இறந்தகாலமாகின்றது. இலத்தீன் இலக்கணத்திலே காலத் தொடர்ச்சி என்று பெயர்பெற்ற விதியின் பெயரையே ஆங்கில இலக்கண நூல்களும் இதற்கு வழங்கிவந்தன. டென்மார்க்கு நாட்டு மொழியறிஞர் ஒட்டோ ஜெஸ்பர்சன், 1924இல் வெளிவந்த ‘இலக்கணத் தத்துவம்’ என்னும் நூலில், பின்தள்ளுதல் என்று பொருள்படும் சொல்லால் இதனைக் குறித்தார்.

ஆகவே, அக்கடிதத்திலிருந்த ‘லிவ்ட்’ என்னும் சொல், அயலவர் பேசிய நாளில் அவர் அவ்வாறு வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதை மட்டுமே காட்டும். இன்று இருக்கின்றாரா, இல்லையா என்பதை அது சொல்லாது. கூறப்பட்ட செய்தி இன்றும் மெய்யாயின், ஆங்கிலேயர் விரும்பினால் நிகழ்காலத்தையே வைத்தும் எழுதலாம். பூமி சுழல்கின்றது என்று கலிலியோ சொன்னதை எடுத்துரைக்குமிடத்து இரு வடிவமும் வரும். இறந்தகாலம் வந்ததனால் பூமி சுழலாது நின்றுவிட்டது என்று எவரும் கொள்வாரில்லை.

தமிழ் வழக்கோ வேறு. ‘அவர் தனியே வாழ்வதாகச் சொன்னார்கள்’ என்போம். ‘வாழ்கிறார் என்று சொன்னார்கள்’ என்றுஞ் சொல்வோம். சொன்னவர் கூற்றிலிருந்த காலத்தை நாம் மாற்றுவதில்லை. இரஷிய மொழியும் யப்பானிய மொழியும் இவ்வகையில் நம் மொழியையே ஒத்தவை. ஆங்கிலம், எடுத்துரைப்பவன் நிற்குமிடத்தில் நின்று காலத்தை அளக்கின்றது. தமிழ், முதலிற் சொன்னவன் நின்ற இடத்திற்கே சென்று அளக்கின்றது. யான் அளவுகோலை மாற்றாமல் சொல்லை மட்டும் மாற்றினேன்; அதுவே பிழை.

இவ்வேறுபாட்டை மற்றோர் எடுத்துக்காட்டு நன்கு விளக்கும். ‘ஹி டைட் பிஃபோர் ஹி ஸோ ஹிஸ் சன்’ என்பது ஆங்கில வாக்கியம். ‘மகனைக் காணுமுன்னே இறந்தார்’ என்பது பொருள். அவர் மகனைக் காணவேயில்லை. ஆயினும் ‘ஸோ’ என்பது இறந்தகால வடிவம். எடுத்துரைப்பவனுக்கு இருசெயலும் சென்ற காலத்துக்குரியவையாதலின், நிகழாத காட்சியும் இறந்தகாலத்தாற் சொல்லப்பட்டது. நாமோ ‘காணும்’ என்று எதிர்காலப் பெயரெச்சம் வைக்கின்றோம். இறக்கும் வேளையில் நின்று நோக்கினால், காணுதல் இனி வரவேண்டியதன்றோ?

இனி, காலத்தையே குறியாத இறந்தகால வடிவமும் ஆங்கிலச் சார்பு வாக்கியங்களில் உண்டு. ‘இஃப் ஐ ஹாட் மணி’ என்பவன் நேற்றைய பணத்தைப் பற்றிப் பேசவில்லை. இன்று தன்னிடம் பணமில்லை என்பதையே குறிப்பாகச் சொல்கின்றான். ‘இட் இஸ் டைம் வீ வென்ட்’ என்பவன் இன்னும் எழுந்து போகவில்லை. போகவேண்டிய வேளை வந்துவிட்டது என்கின்றான். இங்கெல்லாம் இறந்தகால வடிவம், சொல்லப்படுவது மெய்ந்நிகழ்ச்சியன்று, நினைவளவில் நிற்பது என்பதைக் காட்டும் அடையாளமாகும்.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமுண்டு. பழைய ஆங்கிலத்தில், நடந்ததைக் கூறும் இறந்தகால வடிவமும் எண்ணத்தளவில் நிற்பதைக் கூறும் இறந்தகால வடிவமும் பல இடங்களில் வேறுவேறாக இருந்தன. பின்னர்ச் சொல்லீற்று ஒலிகள் தேய்ந்து, இருவடிவும் பெரும்பாலும் ஒன்றாயின. ‘இஃப் ஐ வேர் அ பேர்ட்’ என்னும் வாக்கியத்தில், ‘வாஸ்’ வருமென நாம் எதிர்பார்க்குமிடத்து வரும் ‘வேர்’ என்பதே அப்பழைய வேறுபாட்டின் எச்சம்.

இது விநோதமான வழக்கென்று தமிழ் மாணவன் மருளவேண்டியதில்லை. ‘மழை பெய்தால் பயிர் விளையும்’ என்னும் வாக்கியத்தை நோக்குக. மழை இன்னும் பெய்யவில்லை. ஆயினும் ‘பெய்தால்’ என்பது ‘பெய்து’, ‘பெய்தான்’ என்பவற்றிற் காணும் இறந்தகால அடியிலிருந்தே பிறந்தது. புறப்படாதவன் “இதோ வந்துவிட்டேன்” என்று வீட்டினுள்ளிருந்து குரல் கொடுப்பதை நாம் நாள்தோறும் கேட்கின்றோம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் முக்காலமும் தம்முள் மயங்கி வருதலை நன்னூல் ஏற்றுக்கொள்கின்றது. வினையின் வடிவம் வேறு, அது குறிக்கும் பொழுது வேறு என்பதைத் தமிழிலக்கணம் கற்றவன் முன்னரே அறிவான். அவ்வறிவை ஆங்கில வகுப்பின் வாயிலிலே விட்டுவிட்டுச் செல்வதுதான் நம் குறை. யான் செய்ததும் அதுவே.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூறுவேன். அயற்கூற்று வாக்கியத்தை மொழிபெயர்க்கப் புகுமுன், மாணவனைக் கொண்டு அதனை முதலில் நேர்கூற்றாக மாற்றுவியுங்கள். அயலவர் வாயிலிருந்து புறப்பட்ட சொல் யாதென்று அவன் தன்னையே கேட்கட்டும். ‘அவர் தனியே வாழ்கின்றார்’ என்ற விடை கிடைத்தபின் அவன் தமிழில் எழுதட்டும். ‘இஃப்’ என்ற சொல்லைக் கண்டால், இது நடந்ததா, நினைத்ததா என்று கேட்கட்டும். விதிகளை மனனஞ் செய்விப்பதிலும் இவ்விரு வினாக்களைப் பழக்குவது நன்று. கடிதங்களும் வாக்குமூலங்களும் மருத்துவ அறிக்கைகளும் இன்றும் ஆங்கிலத்தில் வருகின்றன. அவற்றை நம் மாணவர்கள் தம் வீட்டு முதியோருக்கு வாசித்துச் சொல்கின்றனர். பரீட்சையில் ஒரு புள்ளி குறைவதோடு முடிகின்ற பிழைகள் அல்ல இவை.

2002ஆம் ஆண்டிற் பாதை திறந்தபின் ஆச்சியின் தம்பியார் ஊருக்கு வந்தார். ஆச்சி அவரைக் கைப்பிடித்து என் வீட்டுக்கு அழைத்துவந்து, “இவர்தான் நீர் சாக்காட்டின ஆள்” என்று சிரித்தார். அதன்பின்னும் தமக்கு வந்த ஆங்கிலக் கடிதங்களை ஆச்சி என்னிடமே கொண்டுவந்தார். கையில் தருமுன் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வார்: “தம்பி, கடைசி மட்டும் வாசிச்சுப்போட்டுச் சொல்லும்.”