விசைப்படகிற்கு எண்ணெய் நிரப்பும் முறை

தரையிற் செல்லும் வண்டி எண்ணெய் தீர்ந்து நின்றுவிடின், அதில் வந்தோர் இறங்கி நடந்து வீடு சேரலாம். கடலிற் செல்லும் படகு நின்றுவிடின் இறங்குதற்கு இடமில்லை. படகிற்கு எண்ணெய் நிரப்புதலில் மிகுந்த ஒழுங்கும் எச்சரிக்கையும் வேண்டப்படுவது ஏன் என்பதற்கு இவ்வேறுபாடே விடையாகும். நம் கல்லூரி அன்பருட் பலர் மீன்பிடி துறைமுகங்களில் வரிசையாய் நிற்கும் விசைப்படகுகளைக் கண்டு மகிழ்ந்திருப்பர். அவை கடலேகுமுன் கரையில் நிகழும் இச்சிறு தொழிலை உற்று நோக்கினோர் சிலரே. யான் தூத்துக்குடிக் கடற்றுறையில் வளர்ந்தவன். ஆதலின், என் தாய்மாமன் படகிற் கண்டு கற்றவற்றை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

முதற்கண் டீசல் எண்ணெயின் இயல்பு அறியற்பாலது. இப்பெயர் ரூடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியல் அறிஞரால் வந்தது. அவர் 1897ஆம் ஆண்டில் தம் இயந்திரத்தை வெற்றியுற இயக்கிக் காட்டினார். பெட்ரோல் இயந்திரத்தில் மின்பொறியானது எண்ணெயாவியைக் கொளுத்துகின்றது. டீசல் இயந்திரத்திலோ அத்தகைய பொறி இல்லை. உள்ளிருக்கும் காற்று மிக இறுக்கப்படுவதாற் பெருஞ்சூடு அடைய, அச்சூட்டினுள் எண்ணெய் நுண்டுளிகளாகப் பீச்சப்பட்டுத் தானே எரிகின்றது. பீச்சுங் கருவியின் துளைகள் மயிரிழை போலும் நுண்ணியன. அதன் உறுப்புக்கள் உராய்ந்து தேயாவண்ணம் காப்பதும் அவ்வெண்ணெயே. ஆகவே எண்ணெயோடு தூசியோ நீரோ கலந்து புகுமாயின், இயந்திரம் நின்றுபோதலேயன்றிக் கருவியும் கெடும்.

இனித் தீயைப் பற்றிக் கூறுவேன். பெட்ரோலின் ஆவி, பூச்சியத்திற்கு 40 பாகை கீழான குளிரிலும் தீப்பற்ற வல்லது. டீசலோ அத்துணை எளிதிற் பற்றாது. நம் நாட்டில் விற்கப்படும் டீசலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை 35 பாகைக்குக் குறையலாகாது என்பது விதி. இதனை நம்பி, “இது டீசல்தானே” என்று பீடியும் கையுமாய் நிற்போர் உளர். வைகாசி வெயிலில் படகின் மேற்றளமும் இயந்திர அறையும் 35 பாகையை எளிதிற் கடந்துவிடும் என்பதை அன்னோர் எண்ணுவதில்லை. குளிர்நாட்டிற்குப் பொருந்தும் துணிவு நம் நாட்டிற்குப் பொருந்தாது.

ஆதலின் எண்ணெய்த் துறையை அடைந்தவுடன் படகின் முன்னும் பின்னும் கயிறிட்டு, அலையில் அசையாதவாறு இறுகக் கட்டுதல் வேண்டும். பின்னர் இயந்திரத்தை நிறுத்தி, சமையலடுப்பை அணைத்து, அறைகளின் கதவுகளையும் மூடிகளையும் அடைத்துவிடல் வேண்டும். திறந்திருப்பின் ஆவி உட்புகுந்து படகின் அடிவயிற்றில் தங்கிவிடும். வேலையில்லாதோர் கரையிறங்குக. தீயணைக்குங் கருவி கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

அடுத்து, எண்ணெய் வாய் எது, குடிநீர் வாய் எது என்பதைத் தெளிந்து மூடியைத் திறத்தல் வேண்டும். இரண்டும் மேற்றளத்தில் அருகருகே இருக்கும் படகுகளும் உண்டாதலின் இவ்வெச்சரிக்கை மிகையன்று. அளவுமானி பூச்சியத்தில் நிற்கின்றதா என்று நோக்கிய பின், குழாயின் உலோக மூக்கை எண்ணெய் வாயின் உலோக விளிம்பிற் பொருத்தி, நிரப்பி முடியுமளவும் அத்தொடுகையை விடாதிருத்தல் வேண்டும். குழாயில் ஓடும் எண்ணெய் உராய்வினால் மின்னேற்றம் பெறும். உலோகத் தொடுகை இல்லையாயின் அது பொறியாக வெடிக்கக்கூடும். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நம் நாட்டு டீசலிற் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்கிற்கு மேற்படலாகாது என்பது விதி. இது காற்றுக்கு நன்மையே. எனினும் கந்தகம் நீக்கிய எண்ணெய் மின்னேற்றத்தை எளிதில் விடாது. பிளாஸ்டிக் கேன்களிற் பிடித்துச் செல்வோர் அவற்றைப் படகினுள் வைத்து நிரப்பாது, தரையில் இறக்கி வைத்து நிரப்புதலும் இது பற்றியே.

நிரப்புங்கால் குழாயின் விசையைக் கையாற் பிடித்தே நிற்றல் வேண்டும்; கட்டையைச் செருகிவிட்டு வேறு வேலைக்குச் செல்லலாகாது. எண்ணெய் உட்செல்லச் செல்லத் தொட்டியிலுள்ள காற்று ஒரு சிறு குழாயின் வழியே வெளியேறும். அக்காற்றுக்குழாயின் ஒலியைக் கேட்டே நிரம்பும் பதத்தை அறிவர் தேர்ந்த டிரைவர்கள். ஒலி உயர்ந்து களகளவென்று கேட்குமாயின் ஓட்டத்தைக் குறைத்துவிடுவர். அன்றியும், தொட்டியை விளிம்பு தொட நிரப்புதல் தகாது. டீசல் சூடேறின் விரியும். 28 பாகையில் ஊற்றிய 1000 லிட்டர், வெயிலில் 38 பாகையை அடையுமாயின், சுமார் 8 லிட்டர் மிகும். அதற்கு உள்ளே இடமில்லையாயின் காற்றுக்குழாய் வழியே கடலிற் சிந்தும். ஆகவே நூற்றுக்கு 95 பங்கில் நிறுத்துதல் நன்று.

சிந்திய எண்ணெய் நீர்மேல் வானவில்லின் நிறங்காட்டி மிகப் பரந்து படரும். சிலர் அதன்மேற் சவர்க்காரத் தூளைத் தூவுவர். அதனால் எண்ணெய் மறையுமேயன்றி ஒழியாது. துளிகளாகச் சிதறி நீரினுட் புகுந்து மீன் குஞ்சுகளைக் கெடுக்கும். எந்த மீனை நம்பிப் படகு புறப்படுகின்றதோ அந்த மீனின் பிள்ளைகளையே கரையில் நின்று அழித்தலாகும் இது. எண்ணெயை உறிஞ்சுந் துணியை வாயைச் சுற்றி முன்னரே இட்டு வைத்தலே தக்கது.

நிற்க. தீயும் சிதறலும் கண்ணுக்குப் புலப்படும் பகைகள். கண்ணுக்குப் புலப்படாத பகை ஒன்று உண்டு; அது தொட்டியின் அடியிற் கிடக்கும் நீர். நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடித்தல் தடுக்கப்பட்டுள்ளது. அக்காலத்தில் ஓராண்டு என் மாமன், இரண்டு மாதம் பணம் முடங்குமே என்றெண்ணித் தொட்டியிற் காற்பங்கு எண்ணெயே வைத்திருந்தார். தடை நீங்கிய பின் புதிய எண்ணெயை அதன்மேல் நிரப்பிக்கொண்டு விடியுமுன் புறப்பட்டோம். விடுமுறையாதலின் யானும் உடன் சென்றேன். கரை கண்ணுக்கு மறைந்து சிறிது நேரத்தில் இயந்திரம் இருமுறை திணறி நின்றுவிட்டது. ஜூன் மாதக் காற்று எங்கள் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. படகு மெல்ல மெல்ல வெளிக்கடலை நோக்கி ஒதுங்கிற்று. யான் விளக்கைப் பிடித்து நிற்க, மாமனும் டிரைவரும் வடிகட்டியைக் கழற்றி, அதிலிருந்ததை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றினர். மேற்பாதி மஞ்சள் நிறமான டீசல். கீழ்ப்பாதி தெளிந்த நீர்.

அந்நீர் எங்கிருந்து வந்தது? வெற்றிடம் மிகுந்த தொட்டியில் பகலிற் புகுந்த ஈரக்காற்று இரவிற் குளிர்ந்து சுவரிற் பனித்து இறங்கும். மேற்றளத்து மூடியின் இற்றுப்போன வளையத்தின் வழியே மழைநீரும் கசியும். டீசல் நீரினும் இலேசானது. ஒரு லிட்டர் சுமார் 830 கிராம் எடையே உள்ளது. ஆதலின் நீர் அடியிற் படிந்து அசையாது கிடக்கும். நீரும் எண்ணெயும் கூடும் எல்லையில் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து, கரிய கசடாகி வடிகட்டியை அடைக்கும். துறையிற் படகு அசையாது நிற்கும்வரை ஒன்றும் தோன்றாது. கடலில் அலை தூக்கியெறியத் தொடங்கியதும் அடியிற் கிடந்ததெல்லாம் கலங்கி இயந்திரத்தை நோக்கி எழும்.

நல்லூழாக மற்றொரு படகினர் எங்களைக் கண்டு கயிறு வீசி இழுத்து வந்தனர். கரையில் மாமியார் காலை முதல் உண்ணாது அமர்ந்திருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. மாமனின் கையைப் பற்றிக்கொண்டு நடந்தார். அன்றிரவு மாமன் என்னை நோக்கி, “மருமகனே, ஊற்றிய எண்ணெய் நல்ல எண்ணெய்தான், ஊற்றிய இடத்தைத்தான் நாம் பார்க்கவில்லை” என்றார்.

அதுமுதல் அவர் படகில் ஒரு முறை வழுவாது நடைபெறுகின்றது. நீர் பட்டால் நிறம் மாறும் பசையை அளவுகோலின் நுனியிற் பூசித் தொட்டியின் அடியைத் தொட்டுப் பார்க்கின்றனர். நிறம் மாறின், அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடித்த பின்னரே புதிய எண்ணெய். நீர்பிரிக்கும் கிண்ணத்தை நாள்தோறும் நோக்குகின்றனர். மாற்று வடிகட்டி ஒன்று எப்பொழுதும் படகில் உண்டு. தடைக்காலத்திற்கு முன் தொட்டியை நூற்றுக்கு 95 பங்கு நிரப்பியே வைக்கின்றனர். நிரப்பி முடிந்ததும் மூடியை இறுக்கி, சிந்தியதைத் துடைத்து, கதவுகளைத் திறந்து காற்றோடவிட்டு, படகின் அடிவயிற்றை முகர்ந்து பார்த்து, ஆவியின் நாற்றம் இல்லையென்று தெளிந்த பின்னரே இயந்திரத்தை முடுக்குகின்றனர்.

இவையனைத்திற்கும் கால்மணி நேரத்திற்கு மேல் ஆகாது. துறையிற் பின்னே நிற்கும் படகினர் விரைவுபடுத்திக் கூவுவதும் உண்டு. மாமன் அவர்களுக்குக் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, அளவுகோலை மறுமுறையும் தொட்டியினுள் இறக்குகின்றார்.