பழ ஒயின்: நண்பர்கள் கூடி ஊறப்போடுமுன் அறிய வேண்டியவை

தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் சமயத்தில் பந்தலூர் வட்டத்தில் பலா பழுத்து உதிர்கிறது. சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லி பக்கங்களில் தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே நிற்கும் மரங்களிலிருந்து விழும் பழத்தில் வீட்டுக்கும் விருந்தாளிக்கும் போக மிஞ்சுவது மண்ணோடு மண்ணாகிறது. கொய்யாவுக்கும் இதே கதிதான். வேலியில் படர்ந்து கிடக்கும் பேஷன் புரூட், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் கொடித்தோடை என்று சொல்லும் அந்தப் பழமும், ஒரே சமயத்தில் உதிர்ந்து வீணாகிறது. பசுந்தேயிலை விலை கையைக் கடிக்கும் நாட்களில் இந்த வீணடிப்பு சிறு விவசாயியின் கண்ணை உறுத்துவது இயல்பே.

நாலு வீட்டார் சேர்ந்து இந்தப் பழங்களை ஒரு ஜாடியில் ஊறப்போட்டு, கிறிஸ்துமஸுக்கோ வீட்டு விசேஷத்துக்கோ பகிர்ந்துகொண்டால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் எழுகிறது. ஊட்டி, குன்னூர்ப் பக்கம் சில குடும்பங்களில் பண்டிகையை ஒட்டி ஒயின் செய்யும் வழக்கம் பழையது. செய்முறையும் பெரிய வித்தையல்ல. ஆயினும் ஜாடியைக் கழுவுமுன் அதற்குள் நடப்பது என்ன என்பதையும், சட்டம் சொல்வது என்ன என்பதையும் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

சாறு ஒயினாவது எப்படி?

பழத்தின் தோலிலும் காற்றிலும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் எப்போதும் இருக்கிறது. இரவில் அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி நிற்பதில் இதற்கும் பங்கு உண்டு. இனிப்பான சாற்றில் காற்று குறைவாக இருக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் உள்ள சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதவிகிதச் சாராயச் சத்தாக மாறும். எனவே லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை உள்ள சாறு முழுவதும் நொதித்தால் 11 முதல் 12 சதவிகிதம் வரை ஏறிவிடும். இது பீரைப்போல் இரண்டு மடங்கு. 'வெறும் பழச்சாறுதானே' என்று குழந்தைகளுக்கும் ஊற்றிக் கொடுக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

திராட்சையில் இனிப்பும் புளிப்பும் இயற்கையாகவே ஒயினுக்கு ஏற்ற அளவில் அமைந்துள்ளன. மலைப் பழங்கள் அப்படியல்ல. பேஷன் புரூட்டில் புளிப்பு மிக அதிகம். பலாவில் இனிப்பு மிகுதி, புளிப்போ குறைவு. புளிப்பு குறைந்த சாற்றில் ஈஸ்டுக்கு முன்பாகக் கெட்ட கிருமிகள் இடம் பிடித்துக்கொள்ளும். ஜாடியில் காற்று புகுந்தால் வேறு ஒரு நுண்ணுயிர் வந்து சாராயச் சத்தைக் காடியாக, அதாவது வினிகராக மாற்றிவிடும். அனுபவமில்லாதவர் செய்யும் ஒயினில் பெரும்பகுதி இப்படிப் புளித்துத்தான் முடிகிறது.

மழை அதிகமான மலைப்பகுதியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. குளிர் மாதங்களில் ஈஸ்டின் வேகம் குறைந்துவிடும். நுரை அடங்கியதைப் பார்த்து, நொதித்தல் முடிந்தது என்று எண்ணிப் பாட்டிலில் அடைத்து மூடி இறுக்குகிறார்கள். உள்ளே சர்க்கரை மிச்சமிருக்கும். மாசி, பங்குனி வெயில் வந்ததும் ஈஸ்ட் விழித்துக்கொள்கிறது; வாயு வெளியேற வழியில்லை; பாட்டில் வெடிக்கிறது. கண்ணாடிச் சில்லு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

மெத்தனால் பற்றியும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. பழத்தின் பெக்டின் சத்திலிருந்து மிகச் சிறிதளவு மெத்தனால் எந்தப் பழ ஒயினிலும் உண்டாகும். பொதுவாக அந்த அளவு ஆளைக் கொல்லாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டது தொழிற்சாலை மெத்தனால் கலந்த சாராயத்தால். ஆனால் ஒயின் 'காரமாக' இல்லையென்று அதைக் காய்ச்சி வடிக்கத் துணிவதும், வெளியிலிருந்து யாரோ கொடுத்த ஸ்பிரிட்டைக் கலப்பதும் அதே பாதையில்தான் கொண்டுபோய் விடும். இதில் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் முதலில் அமலாக்கிய அதே சட்டம், பல திருத்தங்களுடன். அதில் 'மது' என்பதற்குக் கொடுக்கப்பட்டுள்ள விளக்கம் மிக விரிவானது. கள், பீர், ஒயின் என்பவற்றோடு சாராயச் சத்து உள்ள எல்லாத் திரவங்களும் அதில் அடங்கும். உரிமம் இல்லாமல் அதைத் தயாரிப்பது குற்றம். வீட்டுக்குத்தான் செய்தேன், விற்கவில்லை, நண்பர்களுக்குச் சும்மா கொடுத்தேன் என்பது தப்பும் வழியாகாது. தயாரிப்பதற்கென்று பாத்திரமும் பொருளும் வைத்திருப்பதும் சட்டத்தின் பிடிக்குள் வரும். நாலு பேர் கூடிச் செய்யும்போது ஜாடி யார் வீட்டில் இருக்கிறதோ அவர் தலையில்தான் முதலில் விடியும். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024-இல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டுள்ளன. ஒரு ஜாடி ஒயினுக்காகக் கோர்ட்டுக்கு அலைவது இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவருக்குக் கட்டுபடியாகாது.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒயின் ஆலை இருக்கிறதே என்று கேட்கலாம். அது உரிமம் பெற்ற தொழிற்சாலை. பெருமூலதனம் போட்டு, விதிகளுக்கு உட்பட்டு நடப்பது. வீட்டுப் பின்கட்டில் இருபது லிட்டர் செய்பவருக்கு அந்தக் கதவு திறக்காது.

பிற மாநிலங்கள் செய்தது

இதே சிக்கல் வடகிழக்கில் மேகாலயாவிலும் இருந்தது. அங்கும் மலை, அங்கும் மழை, அங்கும் பழம் மிஞ்சும். ஷில்லாங்கில் வீட்டுக்கு வீடு சிறு அளவில் ஒயின் செய்து நண்பர்களுக்குள் பகிர்வது வழக்கமாக இருந்தது. பிளம், பீச், அன்னாசி, பேஷன் புரூட், சோகியோங் என்னும் கறுஞ்செர்ரி என்று கிடைத்த பழத்தையெல்லாம் பயன்படுத்தினார்கள். ஆண்டுதோறும் ஒயின் விழா நடத்தித் தங்கள் சரக்கை வெளிப்படையாகவே மக்கள் முன் வைத்தார்கள். ஆனால் சட்டத்தில் அதற்கு இடமில்லாததால் பகிரலாமே தவிர, முறையாக விற்க வழியில்லை. விழா நடத்திய குழுவினர் அரசை விடாமல் கேட்டார்கள். 2020-இல் மேகாலய அமைச்சரவை விதிகளைத் திருத்தி, உள்ளூர்ப் பழ ஒயினைச் சிறு அளவில் தயாரிப்பவர்களுக்கு உரிமம் கொடுக்க முடிவு செய்தது. ஒளித்துச் செய்ததால் கிடைத்த அனுமதி அல்ல அது. பழம், சந்தை, குடும்ப வருமானம் என்று கணக்கை எடுத்து வைத்துக் கேட்டதால் கிடைத்தது.

சேரம்பாடிக்கு இன்னும் பக்கத்தில், எல்லையைத் தாண்டினால் வயநாடு. அங்கே 2019 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு, வீட்டில் ஒயின் செய்தால் வழக்கு என்று கேரள ஆயத்தீர்வைத் துறை எச்சரித்தது. மூன்றே ஆண்டில் நிலை மாறியது. 2022-இல் சிறு ஒயின் ஆலைகளுக்கான விதிகளைக் கேரள அரசு கொண்டுவந்தது. கேரளத்தில் விளையும் பழங்களிலிருந்தும், தானியம் தவிர்த்த வேறு சில விளைபொருள்களிலிருந்தும், உரிமம் பெற்று ஒயின் தயாரிக்கலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகமும் முந்திரிப்பழம், அன்னாசி, வாழை ஆகியவற்றிலிருந்து 'நிளா' என்னும் பெயரில் ஒயின் உருவாக்கியுள்ளது. ஆனால் ஒன்று: வயநாட்டில் உரிமத்தோடு செய்வது எல்லைக்கு இப்பால் பொருந்தாது. அங்கிருந்து வாங்கி வருவதற்கும் இங்குள்ள சட்டம் குறுக்கே நிற்கும்.

வெளிநாடுகளில் சில இடங்களில் விற்பனையையும் சொந்த உபயோகத்தையும் பிரித்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் வயதுவந்த இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை ஒயின் செய்துகொள்ள மத்தியச் சட்டம் அனுமதிக்கிறது. விற்பது மட்டும் கூடாது.

தமிழ்நாட்டிலும் இதுபோலக் கேட்க முன்மாதிரி இல்லாமலில்லை. 1987 முதல் கள் இறக்கத் தடை இருந்தும், தென்னை விவசாயிகள் கூடிக் கேட்டதன்பேரில், புளிக்காத நீராவை இறக்க 2017-இல் அரசு இசைந்தது. உரிமம் பெற்றவை தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்கள். தனி மனிதர்கள் அல்ல. நீலகிரியின் பழ விவசாயிகளும் உற்பத்தியாளர் நிறுவனமாகத் திரண்டு, எந்தப் பழம், எந்த மாதம், எத்தனை டன் வீணாகிறது என்று எழுதிவைத்துக் கேட்பதே நல்லது. இந்தக் கணக்கை இன்றைக்கே ஒரு நோட்டில் தொடங்கலாம். கணக்கில்லாத கோரிக்கை எந்த அலுவலகத்திலும் மேசை தாண்டாது.

இப்போதே கூடிச் செய்யக்கூடியது

பெயரில் மட்டும் ஒயின் உள்ள ஒரு பானம் தமிழகக் கிறிஸ்தவக் குடும்பங்களில் நெடுநாளாக வழக்கத்தில் இருக்கிறது. அதுதான் இஞ்சி ஒயின். இதில் நொதித்தல் கிடையாது, போதையும் கிடையாது. இஞ்சி விளையும் பந்தலூர், கூடலூர்ப் பகுதிக்கு, விலை சரியும் ஆண்டுகளில் இது நன்றாகவே பொருந்தும்.

தோல் சீவி நசுக்கிய இஞ்சி 250 கிராமுடன் கிராம்பு ஆறு, ஒரு துண்டு பட்டை, காய்ந்த மிளகாய் இரண்டு சேர்த்து, இரண்டரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க வைக்கவேண்டும். வடிகட்டினால் இரண்டு லிட்டர் அளவு நிற்கும். அதில் ஒன்றரை கிலோ சர்க்கரையைக் கரைத்து மீண்டும் ஒரு கொதி விட்டு, ஐந்து எலுமிச்சம்பழச் சாறு அல்லது 15 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்க்கவும். நிறத்துக்கு, நாலு தேக்கரண்டி சர்க்கரையைத் தனியே கருகாமல் சிவக்க வறுத்து, சிறிது வெந்நீர் விட்டுக் கலக்கலாம். வெந்நீர் விடும்போது தெறிக்கும், முகத்தை விலக்கிக்கொள்ளவும். கொதிநீரில் போட்டெடுத்த பாட்டில்களில் சூடாகவே நிரப்பி மூடிவிட வேண்டும். கொதியில் ஈஸ்ட் செத்துவிடுவதால் நொதிக்காது. திறந்த பாட்டிலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில வாரங்களில் தீர்த்துவிடுவது நல்லது. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு அருந்தலாம்.

பேஷன் புரூட்டுக்கு ஸ்குவாஷ்தான் சரி. இந்தப் பழத்தின் வாசனை கொதியில் போய்விடும். எனவே சாற்றைச் சூடாக்கக் கூடாது. மூன்று கிலோ பழத்தில் ஒரு கிலோ சாறு தேறும். கூழை மிக்ஸியில் ஒரு சுற்று மட்டும் சுற்றி வடிகட்டவும். விதை உடைந்தால் கசக்கும். ஒன்றே முக்கால் கிலோ சர்க்கரை, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், 10 கிராம் சிட்ரிக் அமிலம் ஆகியவற்றைப் பாகாகக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு ஒரு கிலோ சாற்றைக் கலக்கவேண்டும். கடைசியில் 2 கிராம் பொட்டாசியம் மெட்டா பை சல்பைட்டைச் சிறிது ஸ்குவாஷில் கரைத்துச் சேர்க்கவும். இதைக் கண்ணளவாகப் போடாமல் தராசில் நிறுத்துப் போடுவது முக்கியம். பாட்டிலின் கழுத்தில் இரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டு அடைக்கவும். விதிப்படி ஸ்குவாஷில் பழச்சாறு 25 சதவிகிதமும், கரைந்த திடப்பொருள் 40 சதவிகிதமும் குறையாமல் இருக்கவேண்டும். மேற்சொன்ன அளவில் இரண்டும் சரியாகிவிடும்.

வினிகர் செய்யலாமே என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல யோசனைதான், ஆனால் சாறு காடியாவதற்கு முன் சாராய நிலையைக் கடந்தே தீரவேண்டும். ஆகவே மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதில் இறங்க வேண்டாம்.

விற்பதானால் அளவு எவ்வளவு சிறிதானாலும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நாலு வீட்டார் தனித்தனியே பதிவதைவிட ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் பெயரில் பதிவது எளிது. சீட்டில் 'ஒயின்' என்ற சொல்லைத் தவிர்த்து 'இஞ்சிப் பானம்' என்று போடுவதே வம்பில்லாதது. பயிற்சிக்குக் குன்னூரில் உபாசி நடத்தும் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

எது செய்தாலும் சக்கை விஷயத்தில் அசட்டை வேண்டாம். சேரம்பாடி யானை நடமாடும் ஊர். பழுத்த பலாவின் வாசனையும், புளித்துப்போன சக்கையின் வாசனையும் யானையை வாசலுக்கே அழைத்துவரும்; இந்த வட்டாரத்தில் ஆள் சேதம் எத்தனை முறை நடந்திருக்கிறது என்பதை யாரும் மறக்கவில்லை. வீட்டருகில் நிற்கும் பலாவில் பழம் கனியுமுன்பே காயாக வெட்டி இறக்கிவிடுவது நல்லது. சாறு பிழிவதைப் பகலிலேயே முடித்து, தோலையும் கொட்டையையும் சக்கையையும் அன்று மாலைக்குள் வீட்டைவிட்டுத் தள்ளி ஆழமாகக் குழி தோண்டிப் போட்டு, சுண்ணாம்பு தூவி, இரண்டடி மண் போட்டு மூடவேண்டும். பாத்திரங்களைக் கழுவிய தண்ணீரையும் அந்தக் குழியிலேயே ஊற்றிவிட வேண்டும்.