சிற்றூரின் சம்பளப் பட்டியலும் சம்பளமில்லாத் தீயணைப்பு வீரரும்

2010-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஒபியன் மாவட்டத்தில் ஒரு வீடு எரிந்து சாம்பலானது. வீடுகள் தீப்பற்றுவது புதிதல்ல. சவுத் புல்டன் என்ற சிறுநகரத்தின் தீயணைப்பு வண்டி வந்து நின்ற பிறகும் அந்த வீடு எரிய விடப்பட்டது. அதுதான் நாடு முழுவதும் பேச்சானது. வீட்டுக்காரர் அவ்வாண்டுக்கான 75 டாலர் கட்டணத்தைச் செலுத்தவில்லை. எவ்வளவு கேட்டாலும் இப்போதே தருகிறேன் என்று அவர் சொல்லியும் பயனில்லை. கட்டணம் செலுத்தியிருந்த பக்கத்து நிலத்துக்குத் தீ பரவாமல் காப்பதற்கே அந்த வண்டி வந்திருந்தது.

தீயணைப்பு வீரர்களை ஈவிரக்கமற்றவர்கள் என்று பலரும் ஏசினர். செய்தியைப் படித்தபோது நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நகர மன்றத்தின் கணக்கேட்டைத் திறந்து பார்த்தால் விவகாரம் அவ்வளவு எளிதாக இல்லை. அந்த மாவட்டத்துக்கென்று சொந்தத் தீயணைப்புப் படை இல்லை. படையை வைத்திருந்தது நகரம். அதற்கு வரி கட்டியவர்கள் நகர எல்லைக்குள் வாழ்ந்தவர்கள். எல்லைக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு அந்த 75 டாலரே வரிக்கு ஈடு. வீடு எரியும் நாளில் கட்டினால் போதும் என்றாகிவிட்டால், எரியாத நாளில் யார் கட்டுவார்? அப்புறம் வண்டிக்கும் குழாய்க்கும் பணம் ஏது? 2011-ஆம் ஆண்டின் இறுதியில் இதே போல் இன்னொரு வீடும் எரிந்தது. அதன்பின் 2012-இல் நகர மன்றம் விதியை மாற்றியது. கட்டணம் செலுத்தாதவர் வீட்டிலும் தீ அணைக்கப்படும். ஆனால் அவர் 3,500 டாலர் செலுத்த வேண்டும்.

தீயணைப்புக்கு யார் பணம் தருவது என்ற கேள்வி பெருநகரங்களில் பெரும்பாலும் எழுவதில்லை. அங்கே அது நூற்றுக்கணக்கான செலவினங்களுள் ஒன்று. சில ஆயிரம் பேர் வாழும் ஊரில்தான் அது வரவு செலவுத் திட்டத்தையே ஆட்டிவைக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, அமெரிக்கச் சிற்றூர்கள் தீயணைப்பை எப்படி நடத்துகின்றன என்பதை முதலில் அறிய வேண்டும்.

தோல் வாளியில் தொடங்கிய கதை

பெஞ்சமின் பிராங்கிளின் 1736-இல் பிலடெல்பியாவில் ‘யூனியன் தீயணைப்புக் குழு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். உறுப்பினர்கள் தத்தம் செலவில் தோல் வாளிகளையும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை அள்ளிச் செல்லப் பைகளையும் வைத்திருக்க வேண்டும். சம்பளம் கிடையாது. இந்த முறை குடியேற்றங்கள் பரவிய இடமெல்லாம் பரவியது. 1853-இல் சின்சினாட்டி நகரம் முழுநேரச் சம்பளத்துடன் தீயணைப்புப் படையை அமைத்தது. நீராவியால் இயங்கும் தண்ணீர் இறைப்பான் அப்போது வந்திருந்தது. அதுவரை கைகளால் இறைப்பதற்குப் பெருங்கூட்டமே தேவைப்பட்டது. இயந்திரம் வந்ததும், பயிற்சி பெற்ற சிலருக்குச் சம்பளம் கொடுப்பது நகரத்துக்குக் கட்டுப்படியானது. பெரிய நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வழியில் சென்றன. சிற்றூர்கள் பிராங்கிளின் காலத்து முறையிலேயே நின்றுவிட்டன.

இன்றும் அப்படித்தான். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் கணக்கின்படி, 2020-இல் அந்நாட்டில் ஏறத்தாழ 1,041,200 தீயணைப்பு வீரர்கள் இருந்தனர். அவர்களுள் 676,900 பேர், அதாவது 65 விழுக்காட்டினர், தன்னார்வலர்கள். கடைக்காரர், ஆசிரியர், தச்சர், பண்ணைக்காரர் என்று வேறு தொழில் செய்பவர்கள். அழைப்பு வந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுபவர்கள்.

ஊர்க்கூட்டத்தில் ஒரு கணக்கு

அந்நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் ஊர்க்கூட்டம் என்ற பழைய நடைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. வெர்மோண்ட் மாநிலத்தில் மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அதற்கான நாள். வாக்காளர்களே கூடி அமர்ந்து, சாலைக்கு இவ்வளவு, நூலகத்துக்கு இவ்வளவு என்று செலவினங்களை விவாதித்து முடிவெடுப்பார்கள். (சில ஊர்கள் இப்போது வாக்குச் சீட்டுக்கு மாறிவிட்டன.) அவ்வூரின் எழுத்தருக்கு எவ்வளவு சம்பள உயர்வு என்பதை, அவர் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பேசுவார்கள். நம்மவர்களுக்கு இது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும்.

வருமானத்தின் பெரும்பகுதி சொத்து வரி. அதை நினைத்தபடி உயர்த்த முடியாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980-இல் வாக்காளர்கள் ஒரு சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தனர். அதன்படி ஓர் ஊர் திரட்டும் சொத்து வரியின் மொத்தத் தொகை, புதிய கட்டடங்களால் வரும் வரி நீங்கலாக, ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது. அதைத் தாண்ட வேண்டுமானால் வாக்கெடுப்பில் மக்கள் இணங்க வேண்டும்.

இது என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 3,000 பேர் வாழும் ஓர் ஊர். பள்ளிச் செலவை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றவற்றுக்காக அது திரட்டும் வரி 2,000,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு கூடுதலாகக் கிடைக்கக் கூடியது 50,000 டாலர். காவலர், சாலைப் பணியாளர், அலுவலக ஊழியர் ஆகியோரின் சம்பளம் 1,200,000 டாலர். 3 விழுக்காடு உயர்வு என்றால் 36,000 டாலர். அவர்களின் மருத்துவக் காப்புறுதிக்கு ஊர் செலுத்துவது 200,000 டாலர். அது 10 விழுக்காடு ஏறினால் 20,000 டாலர். இரண்டும் சேர்ந்து 56,000 டாலர். கிடைத்த 50,000-ஐத் தாண்டியாயிற்று. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பையும், வண்டிக்கான டீசலையும் இன்னும் தொடவே இல்லை.

சம்பளத்தைக் குறைக்க முடியாது; ஒப்பந்தம் இருக்கிறது. குறைத்தால் ஊழியர் பக்கத்து ஊருக்குப் போய்விடுவார். காப்புறுதிக் கட்டணம் ஊரின் கையில் இல்லை. ஆக, எது வாய் திறக்காதோ அதில்தான் வெட்டு விழும். தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தொழிற்சங்கம் இல்லை. சம்பளப் பேச்சு வார்த்தை இல்லை. புதிய வண்டி அடுத்த ஆண்டு, காலணி அதற்கடுத்த ஆண்டு என்று தள்ளிப்போடலாம். குறையை ஈடுகட்டப் படையினரே கோழி வாட்டி விற்பார்கள், காலை உணவு விருந்து வைப்பார்கள். உயிரைப் பணயம் வைப்பவர்கள் உணவுச் சீட்டும் விற்க வேண்டியிருப்பதை அங்கே யாரும் விந்தையாகப் பார்ப்பதில்லை.

சம்பளம் இல்லை, செலவு உண்டு

தன்னார்வப் படை இலவசம் என்ற எண்ணம்தான் இங்கே பெரிய தவறு. பாதுகாப்பு உடை ஒரு தொகுப்பு பல ஆயிரம் டாலர். பத்தாண்டுக்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது தொழில் தரவிதி. வீரர் சம்பளம் வாங்காவிட்டாலும் அவர் உடல் அதே வெப்பத்தில்தான் நிற்கிறது. மூச்சுக் கருவி, வானொலிக் கருவி, விபத்துக் காப்புறுதி என்று பட்டியல் நீளும். தீயணைப்பு வண்டியின் விலை இன்று ஒரு மில்லியன் டாலரை நெருங்குகிறது. நம் கற்பனை ஊரின் ஓராண்டு வரியில் அது பாதி. எனவே விவரமறிந்த ஊர்கள் ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனி நிதியில் போட்டு வைக்கின்றன.

ஆளைத் தக்கவைக்கவும் செலவு உண்டு. அழைப்புக்கு இவ்வளவு என்று சிறு தொகை தரும் ஊர்கள் உள்ளன. பல்லாண்டு சேவைக்கு ஓய்வுக்காலத் தொகை தரும் ஊர்களும் உள்ளன. ஆனால் தாராளமாகக் கொடுத்துவிட முடியாது. 2006-இல் கூட்டரசின் தொழிலாளர் துறை தந்த விளக்கத்தின்படி, முழுநேர வீரர் ஒருவருக்கு அதே பணிக்குத் தர வேண்டிய தொகையில் 20 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் அது பெயரளவிலான கொடை. மீறினால் அவர் ஊழியர் எனக் கருதப்படக்கூடும். அப்புறம் குறைந்தபட்சச் சம்பளம், மிகைநேர ஊதியம் எல்லாம் வந்து சேரும். இன்னொரு விதியும் உண்டு. ஊரிடம் சம்பளம் வாங்குபவர், அதே வகைப் பணியை அதே ஊருக்குத் தன்னார்வமாகச் செய்யக்கூடாது. சாலைப் பணியாளர் தன்னார்வத் தீயணைப்பாளராக இருக்கலாம். சம்பளம் பெறும் தீயணைப்பாளர் இருக்க முடியாது. பல சிற்றூர்களில் பகல் நேரத்தில் ஊரில் இருக்கும் திடகாத்திரமான ஆள்கள் அந்தச் சாலைப் பணியாளர்களே. அவர்கள் தீயணைக்க ஓடும் நேரத்துக்கும் சாலைக் கணக்கிலிருந்தே சம்பளம் போகும். அதாவது, தீயணைப்புச் செலவின் ஒரு பகுதி வேறொரு தலைப்பின் கீழ் மறைந்து கிடக்கிறது.

இதற்கு ஈடாக ஊருக்குக் கிடைக்கும் ஆதாயமும் கணக்கேட்டில் தெரியாது. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களில் பல, ஊர்களின் தீயணைப்புத் திறனை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் மதிப்பீட்டைப் பயன்படுத்துகின்றன. 10 என்றால் பாதுகாப்பே இல்லை என்று பொருள். படை கலைந்தால், ஊரார் வரியில் மிச்சப்படுத்தியதை வீட்டுக் காப்புறுதியில் செலுத்த நேரிடலாம்.

ஆள் குறைந்தால்

1984-இல் 897,750-ஆக இருந்த தன்னார்வலர் எண்ணிக்கைதான் 2020-இல் 676,900-ஆகச் சுருங்கியது. அழைப்புகளோ 1980-இல் 10.8 மில்லியன், 2020-இல் 36.4 மில்லியன். அவற்றில் பெரும்பான்மை தீயல்ல, மருத்துவ உதவிக்கான அழைப்புகள். பிராங்கிளின் குழு அமைத்த அதே பென்சில்வேனியாவில், 1970-களில் ஏறத்தாழ 300,000 தன்னார்வலர்கள் இருந்ததாகவும் அது 38,000-ஆகக் குறைந்துவிட்டதாகவும் 2018-இல் அம்மாநிலச் சட்டமன்றம் அமைத்த ஆணையம் அறிவித்தது. 2,500 பேருக்கும் குறைவான ஊர்களில் வீரர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் 50 வயதைத் தாண்டியவர்கள்.

காரணங்கள் ஊகிக்கக் கூடியவையே. வேலை வேறு ஊரில். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். அடிப்படைப் பயிற்சிக்கே பல மாநிலங்களில் நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இளைஞரால் அந்த ஊரில் வீடு வாங்கவும் முடிவதில்லை.

தன்னார்வலர் இல்லாமற்போனால் என்ன ஆகும்? மீண்டும் நம் கற்பனை ஊருக்கு வருவோம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 42 மணி நேரம் வேலை செய்தால், ஓர் இருக்கையை எந்நேரமும் நிரப்ப நான்கு பேர் வேண்டும். எந்நேரமும் இருவர் என்றால் எட்டுப் பேர். ஒருவருக்குச் சம்பளமும் காப்புறுதியும் சேர்த்து 80,000 டாலர் என்றால் 640,000 டாலர். ஊரின் வரியில் 32 விழுக்காடு. அப்போதும் இருவர்தான். எரியும் கட்டடத்துக்குள் இருவர் நுழைந்தால் வெளியே இருவர் ஆயத்தமாக நிற்க வேண்டும் என்பது பணியிடப் பாதுகாப்பு விதி.

ஆண்டுக்கு 2.5 விழுக்காடு மட்டுமே ஏறக்கூடிய வரியில் இந்தத் தொகையைப் படிப்படியாகச் சேர்த்துவிட முடியாது. கூட்டரசு 2001 முதல் கருவிகளுக்கும், 2005 முதல் ஆள் சேர்ப்புக்கும் மானியம் வழங்கி வந்திருக்கிறது. ஆனால் மானியம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே. அதன்பின் சம்பளம் ஊரின் தலையில்தான். சில ஊர்கள் பகல் வேளைக்கு மட்டும் ஓரிருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துகின்றன. சில, அண்டை ஊர்களோடு சேர்ந்து ஒரே படையாகின்றன. இரண்டாவதே கணக்குக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. ஆனால் தன் ஊரின் பெயர் எழுதிய வண்டியை விட்டுக்கொடுக்க எந்த ஊரும் இலகுவில் இணங்குவதில்லை.

நம் ஊரில்

மலேசியாவில் நாம் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டோம். தீபகற்ப மலேசியாவில் 1976 ஜனவரி 1-ஆம் நாள் வரை தீயணைப்பு ஊராட்சி மன்றங்களின் பொறுப்பில் இருந்தது. வசதியுள்ள நகரத்தில் நல்ல படை, வசதியற்ற ஊரில் பழைய இறைப்பான் என்ற நிலை இம்முறையில் தவிர்க்க முடியாதது. அன்று முதல் அது கூட்டரசுத் துறையாயிற்று. சம்பளம் கூட்டரசிடமிருந்து வருகிறது. கட்டணம் செலுத்தவில்லை என்று எந்த வீடும் எரிய விடப்படுவதில்லை.

அதே 1976-இல்தான் ஊராட்சிச் சட்டமும் வந்தது. 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்ட ஊராட்சித் தேர்தல்கள் அச்சட்டத்தோடு முடிவுக்கு வந்தன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் ஊராட்சி மன்றங்களை ஆராய்ந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. அது ஏற்கப்படவில்லை. வெர்மோண்ட் ஊர்க்கூட்டத்தில் விவசாயி ஒருவர் எழுந்து நின்று தீயணைப்பு வண்டியின் விலையைக் கேட்கிறார். நமக்கு ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரிச் சீட்டு வருகிறது. தீயணைப்பு அந்த மன்றத்தின் கணக்கில் இல்லை, கேட்கவும் வழியில்லை.

ஆயினும் தன்னார்வலர்கள் இங்கும் இருக்கிறார்கள். நிலையத்திலிருந்து தொலைவிலுள்ள கிராமங்களிலும் புதுக்கிராமங்களிலும் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள் தீயணைப்பு மீட்புத் துறையின் வழிகாட்டலில் இயங்குகின்றன. கணக்கியலோ பொருளியலோ படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது, அப்படி ஒரு குழுவின் ஓராண்டுச் செலவை எடுத்துப் பார்க்கலாம். குழாயும் காலணியும் எவ்வளவு, அதில் அரசு தந்தது எவ்வளவு, உறுப்பினர் தம் சட்டைப்பையிலிருந்து போட்டது எவ்வளவு என்று எழுதினாலே நல்லதோர் ஆய்வேடு கிடைக்கும்.