போர் ஓய்ந்த பிறகும் தேவைப்பட்ட துணை

மகாத்மா காந்தியின் செயலர் மகாதேவ் தேசாயின் மகன் நாராயண் தேசாய், 1981-ல் கனடாவில் பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பை நிறுவியோரில் ஒருவர். வினோபாவின் சாந்தி சேனையை நம் நாட்டில் நினைப்பார் இன்று அரிது. அதன் அனுபவத்தையே அவர் அங்கு கொண்டு சென்றார்.

மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில், காணாமற்போனோரின் குடும்பத்தார் அமைத்த சங்கத்தின் தலைவர்கள் இருவர் 1985-ல் கொல்லப்பட்டனர். எஞ்சியோருக்கு இவ்வமைப்பின் வெளிநாட்டுத் தொண்டர்கள் ஆயுதமின்றி, இரவு பகலாகத் துணை சென்றனர். அவர்கள் கண்முன் கொலை நடந்தால் தூதரகங்கள் வினவும், அந்நிய உதவி நின்றுபோகும் என்று ஆட்சியாளர்கள் அஞ்சியதே கவசம். துணை பெற்ற நினெத் மான்டனெக்ரோ பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

1996-ல் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. ஆனால், ராணுவத்தின் கொடுமைகளைப் பதிவு செய்த அறிக்கையை 1998 ஏப்ரல் 24-ல் வெளியிட்ட ஆயர் ஹுவான் ஹெரார்டி இரண்டே நாளில் கொல்லப்பட்டார். 1999-ல் விடைபெற்ற தொண்டர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே திரும்பி வர நேர்ந்தது.