பிறவி இதயக் குறைபாடும் இதயத் துடிப்புக் கோளாறும்

"சின்ன வயதிலேயே இதயத்தில் ஆப்பரேஷன் செய்தாகிவிட்டது. இனி ஒன்றும் வராது." பிறவியிலேயே இதயக் குறைபாடு இருந்த பலர் இப்படி நினைப்பதுண்டு. அறுவைச் சிகிச்சை குறைபாட்டைச் சரிசெய்திருக்கலாம். ஆனாலும், பல ஆண்டுகள் கழித்து இதயத் துடிப்பில் கோளாறு ஏற்படலாம். நேரத்தோடு கண்டறிந்தால் அதற்குச் சிகிச்சை அளிக்க முடியும்.

ஏன் ஏற்படுகிறது?

இதயத்தின் வலது மேலறையில் மின்துடிப்பு உருவாகிறது. அது இதயம் முழுவதும் பரவும்போது இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியேற்றுகிறது. அறுவைச் சிகிச்சையால் ஏற்பட்ட தழும்பின் வழியே மின்துடிப்பு செல்ல முடியாது. சில வேளைகளில் அது தழும்பைச் சுற்றிச் சுற்றி வரும். அப்போது இதயம் மிக வேகமாகத் துடிக்கும். குறைபாட்டினால் இதய அறைகள் பெரிதாகியிருப்பதும் ஒரு காரணம்.

அறுவைச் சிகிச்சை செய்யாதவர்களுக்கும் இது வரலாம். மேலறைகளுக்கு இடையே உள்ள சுவரில் துளை இருப்பது சிலருக்கு 50, 60 வயதுக்குப் பிறகே தெரியவருகிறது.

அறிகுறிகள்

• நெஞ்சு படபடப்பு, அல்லது துடிப்பு விட்டு விட்டு வருவது போன்ற உணர்வு
• தலைசுற்றல், மயக்கம்
• மூச்சு வாங்குதல்
• வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாத களைப்பு
• கால் வீக்கம்

"வயதாகிவிட்டது, அதனால்தான் களைப்பு" என்று விட்டுவிடாதீர்கள். சிலருக்குக் களைப்பு மட்டுமே அறிகுறியாக இருக்கும்.

உடனே 995ஐ அழையுங்கள்

• மயங்கி விழுந்தால்
• நெஞ்சு வலியோ கடுமையான மூச்சுத் திணறலோ ஏற்பட்டால்
• படபடப்புடன் தலைசுற்றல் இருந்தால்
• முகம் ஒரு பக்கம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால்

கடைசியாகச் சொன்னவை பக்கவாதத்தின் அறிகுறிகள். மேலறைகள் சீராகச் சுருங்காதபோது அங்கே இரத்தம் தேங்கி உறையலாம். அந்த இரத்தக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

ஈசிஜி எனப்படும் இதய மின்பதிவு, இதய ஸ்கேன் ஆகியவை செய்யப்படலாம். கோளாறு வந்து வந்து போவதாக இருந்தால், 24 மணி நேரமோ அதற்கு மேலோ துடிப்பைப் பதிவுசெய்யும் சிறு கருவியை உடலில் அணிய வேண்டியிருக்கலாம்.

துடிப்பைச் சீராக்கும் மாத்திரைகளும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளும் உள்ளன. கோளாறை உண்டாக்கும் இடத்தை, இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திச் செயலிழக்கச் செய்யலாம். துடிப்பு மிக மெதுவாக இருப்பவர்களுக்கு பேஸ்மேக்கர் பொருத்தப்படலாம். எது பொருத்தமானது என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• சிறு வயதில் இதயக் குறைபாடோ அறுவைச் சிகிச்சையோ இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அக்காலத்தில் சில குடும்பங்கள் இதை வெளியே சொல்லத் தயங்கின. இன்று உங்கள் மருத்துவருக்கு அந்த விவரம் மிகவும் தேவை. பழைய மருத்துவக் குறிப்புகள் இல்லாவிட்டால், நெஞ்சில் உள்ள தழும்பைக் காட்டுங்கள்.
• உடல்நலம் நன்றாக இருந்தாலும், மருத்துவர் கூறிய இடைவெளியில் இதய நிபுணரைப் பாருங்கள். நீண்ட காலமாகப் போகவில்லை என்றால், பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.
• மணிக்கட்டில் நாடி பார்க்கப் பழகுங்கள். ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும்போது பெரும்பாலோருக்கு 60 முதல் 100 வரை இருக்கும். சீரற்றதாகத் தோன்றினால் மருத்துவரிடம் கூறுங்கள்.
• இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வார்ஃபரின் உட்கொள்பவர்கள் கீரை சாப்பிடும் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.
• சளி மாத்திரை, நாட்டு மருந்து, மூலிகைப் பொடி எதையும் சாப்பிடும் முன் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்தக் கையேட்டை உடன் கொண்டுசெல்லுங்கள். உங்கள் பிள்ளைகளிடமும் இதைப் பற்றிப் பேசுங்கள். அவசர நேரத்தில் உங்களுக்காகப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களாக இருக்கலாம்.