இருபது மீட்டர் செம்பு

ஹாம் வானொலி, அதாவது தனிநபர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு, என்றதும் பலருக்கு மேசை நிறைந்த பெட்டிகளும் குமிழ்களும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து செய்வது, ஒரு ஒயருக்குள் மின்னோட்டத்தை அனுப்புவதை மட்டுமே. அலை பிறப்பது மொட்டைமாடிக்கு மேலே, துணி காயப்போடும் கொடி போல இழுத்துக் கட்டிய செம்பு ஒயரில். ஹாம் ஆக விரும்புகிறவர்கள் விலை உயர்ந்த ஆன்டெனாவை வாங்குவதற்கு முன் இதைத் தங்கள் கையால் ஒருமுறை கட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒளியின் வேகத்தைச் சாதாரண அளவு டேப்பால் தொட்டறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இந்திய ஹாம்கள் அதிகம் பேசும் 40 மீட்டர் பட்டையை எடுத்துக்கொள்வோம். 7 மெகாஹெர்ட்ஸிலிருந்து 7.2 வரை. இதற்கான டைபோல் ஆன்டெனாவுக்கு வேண்டியவை எல்லாம் எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும்: வீட்டு வயரிங்குக்கான செம்பு ஒயர், நடுவே தாங்க ஒரு பி.வி.சி. பைப் துண்டு, நைலான் கயிறு, கோஆக்சியல் கேபிள். ஒயரைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியைக் கேபிளின் நடுக்கம்பியோடும் மறுபாதியைச் சுற்றியுள்ள வலையோடும் சால்டர் செய்து, மழைநீர் புகாமல் மூடினால் பாதி வேலை முடிந்தது.

நீளத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒளியும் வானொலி அலையும் விநாடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர் ஓடுகின்றன. 7.1 மெகாஹெர்ட்ஸ் என்றால் மின்னோட்டம் விநாடிக்கு 71 லட்சம் முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு அலையின் நீளம் சுமார் 42 மீட்டர், அதில் பாதி 21. ஒயரின் முனைகளில் மின்னேற்றம் சேர்வதால் அது மின்சாரத்துக்குச் சற்று நீண்டதாகவே தெரிகிறது. அதனால் 5 சதவீதம் குறைத்து, மொத்தம் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து என்று வைப்பார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் என்றால் இன்னும் கொஞ்சம் குறையும்.

ஏன் அரை அலை? நடுவில் தரும் உந்துதல் ஒரு பக்கத்துப் பத்து மீட்டரைக் கடந்து முனையை அடைய, ஒரு விநாடியின் நூறு கோடிப் பங்குகளில் சுமார் 35 பங்கு ஆகிறது. அதற்குமேல் போக வழியில்லாமல் திரும்பி, இன்னொரு 35 பங்கில் நடுவுக்கு வந்து சேர்கிறது. சரியாக அந்தக் கணத்தில் டிரான்ஸ்மிட்டரும் தன் திசையை மாற்றியிருக்கும். திரும்பி வந்ததும் புதிதாகத் தள்ளப்படுவதும் ஒரே திசையில் சேர, மின்னோட்டம் பெருகுகிறது. எலக்ட்ரான்கள் இருந்த இடத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை. ஆனால் அவை இப்படி வேகமாக ஆட்டுவிக்கப்படும்போது, அந்த ஆற்றல் ஒயரை விட்டுக் கழன்று வெளியே அலையாகப் போய்விடுகிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் 1887-88இல் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் முதன்முதலாக வானொலி அலைகளை எழுப்பிக் காட்டியதும் நடுவில் பிளந்த இப்படியொரு கம்பியைக் கொண்டுதான்.

100 வாட் திறனில் பேசும்போது நடுவில் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும். முனைகளில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. மின்னழுத்தமோ அங்கேதான் உச்சம், பல நூறு வோல்ட். அதனால்தான் முனைகளில் இன்சுலேட்டர் போட்டு, கை எட்டாத உயரத்தில் கயிற்றால் கட்டுகிறோம். மின்வாரியக் கம்பி போகும் பக்கமே இந்த ஒயர் போகக் கூடாது. அறுந்தால்கூட அதன்மேல் விழ முடியாத இடமாகப் பார்க்க வேண்டும்.

இனி வெட்டும் வேலை. ஒயரைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு ஏற்றிவிட்டு, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்க்க வேண்டும். அனுப்பிய திறனில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அது காட்டும். 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றாலும் கவலை இல்லை, திரும்புவது 4 சதவீதம்தான். மீட்டர் காட்டும் அளவு மிகக் குறைவாக இருக்கும் இடம் 6.95 மெகாஹெர்ட்ஸில் அகப்பட்டால் ஒயர் நீளம் அதிகம். இரு முனைகளிலும் சமமாக ஐந்து சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு விரல் நீளம் வெட்டுங்கள். அந்த இடம் சுமார் 35 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். மறுபடி வெட்டினால் மறுபடி நகரும். கட்டிங் பிளேயர் எடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் மீட்டரின் முள் பதில் சொல்வதைப் பார்க்கையில் எனக்கு ஏற்படும் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

ஒரே ஒரு கம்பம்தான் இருக்கிறதா? நடுப்பகுதியை அதில் உயர்த்தி, இரு பக்கங்களையும் சரித்துக் கட்டலாம். இடமும் குறையும், 50 ஓம் கேபிளோடு பொருத்தமும் கூடும். பத்து மீட்டருக்குக் கீழே கட்டினால் அலையின் பெரும்பகுதி செங்குத்தாக மேலே போகிறது என்று சிலர் வருந்துவார்கள். வருந்தத் தேவையில்லை. பகலில் 200, 300 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலம் அதை மழை போலச் சுற்றுவட்டாரத்தில் இறக்கிவிடும். சென்னை, மதுரை, கோவை, யாழ்ப்பாணம் எல்லாம் அதற்குள் அடக்கம். இருட்டிய பிறகு, பகலில் அலையை விழுங்கிக்கொண்டிருந்த கீழ் அடுக்கு கலைந்துவிடுவதால், சாய்வாகக் கிளம்பும் அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம்கள் சிலர் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து, அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். சுனாமி வந்து தொலைபேசிகள் செயலிழந்ததும் அதே நிலையம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த நிலப்பகுதியோடு அவசரச் செய்திகளைப் பரிமாறியது. நடுவில் கோபுரமும் கிடையாது, கடலடிக் கேபிளும் கிடையாது. இந்த முனையில் ஒரு ஆன்டெனா, அந்த முனையில் ஒன்று, இடையே வானம்.

நீங்கள் கட்டிய ஆன்டெனாவை வைத்துப் பேசுவதற்கு மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். உரிமம் கிடைத்தபின் இதே ஒயரில் 21 மெகாஹெர்ட்ஸையும் முயன்று பாருங்கள். அதிர்வெண் மூன்று மடங்கு என்பதால் ஒயரில் மூன்று அரை அலைகள் அடங்கும், நடுவில் மீண்டும் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும். சற்றுச் சரிசெய்தால் போதும், இன்னொரு ஆன்டெனா வேண்டியதில்லை. 14 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இது நடக்காது. இரண்டு அரை அலைகள் அடங்கும்போது நடுவில் மின்னோட்டம் மிகக் குறைந்துவிடும், அனுப்பியதில் பெரும்பகுதி கேபிள் வழியே திரும்பி வந்துவிடும்.